புரட்டாசியில் சைவ விரால்

ஒரு காட்டில், ஓடைக்கரை ஓரமாக, நீர்நாய் ஒருவர் மீன் பண்ணை வைத்திருந்தார். நீர்நாயைப் போய் 'ஒருவர்' என்கிறாயே என்று சண்டைக்கு வராதீர்கள். அவர் முதலாளி. முதலாளியை 'அது' என்று சொல்லிவிட்டு அந்தக் காட்டில் யாரும் நிம்மதியாகக் குடியிருந்ததில்லை. பெயர் சௌந்தரபாண்டி.

அவருடைய அப்பா ஓடையில் இறங்கி, வேண்டிய மீனைப் பிடித்துத் தின்றுவிட்டு, பாறையில் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்தே காலத்தை ஓட்டியவர். மகனுக்கு அது பிடிக்கவில்லை. குட்டை வெட்டினார், கரை கட்டினார், ஓடைத் தண்ணீர் உள்ளே வர ஒரு மடை வைத்து, மீன் வெளியே போகாதபடி அதில் மூங்கில் தட்டி அடைத்தார். உள்ளே விரால் குஞ்சுகளை விட்டார். அப்பாவைப் போலவே அவருக்கும் வேண்டிய மீன் கிடைத்தது. வெயில் காயத்தான் நேரம் கிடைக்கவில்லை. இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

விரால் சாதாரண மீன் இல்லை. தண்ணீருக்குள் அது ஒரு ரௌடி. வாய்க்குள் நுழையும் எதையும் தின்னும். நுழையாததை நுழைத்துப் பார்க்கும். புல்லும் பூண்டும் அதற்கு ஆகாது. ஆகவே சௌந்தரபாண்டி ஓடையில் வலை போட்டு அயிரைகளை அள்ளினார். அயிரை என்பது விரல் நீளம்கூட வராத மீன். அதைப் பாறையில் கொட்டிக் காயவைத்து, உரலில் இடித்து மாவாக்கி, தவிட்டோடு பிசைந்து, குருணை குருணையாக உருட்டிக் குட்டையில் வீசினார். விராலுக்குத் தீவனம் ஆயிற்று. ஒரு விரால் முழங்கை நீளம் வளர்ந்து வருவதற்குள் ஓடையில் ஒரு மடுவே காலியாகிவிடும்.

கீழ்மடு காலியானது. நடுமடு காலியானது. மேல்மடுவில் மட்டும் கொஞ்சம் அயிரைகள் மிச்சம் இருந்தன. அங்கேதான் மாயக்கா என்ற அயிரை குடியிருந்தாள். அவள் புருசன், மாமியார், சின்ன மாமனார் எல்லோரும் வெவ்வேறு நாளில் வலையில் ஏறி, ஒரே உரலில் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நாத்தனார் மூக்கம்மாவும், நகக்கண் அளவில் திரியும் குஞ்சுகளும்தான். அடுத்த வலை மேல்மடுவுக்குத்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நான் போயி மொதலாளியப் பாத்துப் பேசப் போறேன்" என்றாள் மாயக்கா.

"பேசி? 'அண்ணே, எங்கள அள்ளாதீங்க'ன்னு சொல்லுவியாக்கும்? அந்தாளு கொட்டாவி விட்டாலே நீ உள்ள போயிருவ மதினி. ஒரு பல்லுக்குக் காணமாட்ட" என்றாள் மூக்கம்மா.

"பல்லுக்குக் காணாதவளத் திங்க மாட்டாருல்ல? அந்தத் தைரியந்தேன்."

மறுநாள் காலையில் சௌந்தரபாண்டி மடையில் அடைந்திருந்த சருகுகளை அள்ளிக்கொண்டிருந்தார். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, வணக்கம்ணே."

"யாரும்மா அது? குனிஞ்சு பாத்தாலும் தெரிய மாட்டேங்குது."

"அயிரைண்ணே. மேல்மடு மாயக்கா."

"அடடே! இன்னும் இருக்கீங்களா!" என்றார் சௌந்தரபாண்டி. அதில் நக்கல் இல்லை, உண்மையான சந்தோஷம். தீவன மூட்டை அடியைத் தொட்டுவிட்டதே, இனி அயிரைக்கு எங்கே போவது என்று அவர் கவலையில் இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தின் அர்த்தம் மாயக்காவுக்குப் புரிந்தது. இருந்தாலும் வந்த காரியத்தைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

"நாங்க இருக்கிறதே நாலே நாலு குடும்பம்ணே. எங்களையும் அள்ளிட்டீங்கன்னா ஒரு வாரத்துக்கு வரும். அதுக்கப்பறம் விராலுக்கு என்னத்தப் போடுவீங்க?"

சௌந்தரபாண்டி சருகு அள்ளுவதை நிறுத்தினார். இதே கேள்வியை அவர் சம்சாரம் போன வாரம் கேட்டபோது அவர் சத்தம் போட்டு அடக்கிவிட்டார். அயிரையிடம் சத்தம் போட்டு என்ன ஆகப்போகிறது?

"நீயே சொல்லு தாயி. என்னத்தப் போடட்டும்?"

"சோயா போடுங்கண்ணே."

"என்னது?"

"சோயாண்ணே. ஊருக்குள்ள பிரியாணியில கறிக்குப் பதிலா உருண்டை உருண்டையாப் போடுறாய்ங்களே, அது. போன மழைக்கு ஒரு பாக்கெட்டுக் காயிதம் ஓடையில மெதந்து வந்துச்சு. கறியில இருக்க புரதம் அம்புட்டும் இதுலயும் இருக்குன்னு அதுல போட்டிருந்துச்சு. கடலைப் புண்ணாக்குலயும் இருக்காம். எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப அவருதேன் வாசிச்சுச் சொன்னாரு."

"விரால் போயி சோயா திங்குமா?"

"பசிச்சாத் திங்கும்ணே. நாங்க மட்டும் ஆசப்பட்டா மாவானோம்?"

இதைக் கேட்டதும் சௌந்தரபாண்டியின் மனம் இளகிக் கண்ணீர் மல்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். பழைய கதைகளில் அப்படித்தான் எழுதுவார்கள். நடந்தது என்னவென்றால், மேல்மடுவை மொத்தமாக வழித்தாலும் விராலுக்கு எத்தனை வேளைக்கு வரும் என்று அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. கருவாடு கிடைக்காத இடத்தில் கருணை பிறந்துவிட்டது.

"சரி தாயி. உன் மொகத்துக்காகச் செய்யிறேன்" என்றார். அந்த முகம் கடைசிவரை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

காட்டுப்பன்றிகள் அடிவாரத் தோட்டங்களில் இருந்து சோயாவும் கடலையும் கொள்முதல் செய்து கொண்டுவந்தன. அந்தக் கொள்முதல் பற்றித் தோட்டக்காரர்களுக்குத் தெரியாது. குட்டை ஓரத்தில் அசோலா பாசி வளர்த்தார்கள். எல்லாவற்றையும் அரைத்து உருட்டி, சௌந்தரபாண்டி தம் கையாலேயே வீசினார்.

விரால்களுக்குத் தலைவன் வீரணன். முதல் உருண்டையை வாயில் வாங்கியவன் அதே வேகத்தில் துப்பினான்.

"அண்ணே, இது என்ன?"

"சோயாப்பா. உடம்புக்கு நல்லது."

"புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாது. கேள்விப்பட்டதில்லையா?"

"அது புலிக்குச் சொன்னது. நீ விரால்."

"தண்ணிக்குள்ள நாந்தேன் புலி."

இப்படிச் சொல்லிவிட்டு வீரணன் உண்ணாவிரதத்தை அறிவித்தான். மற்ற விரால்களும் வாயை மூடிக்கொண்டன. சௌந்தரபாண்டி பதறவில்லை. உண்ணாவிரதம் இருப்பவர்களுக்குத் தீவனம் போட வேண்டியதில்லை என்பதால், அந்த நாள்களில் அவர் கொஞ்சம் வெயில்கூடக் காய்ந்தார். பசி ஏறியதும் முதலில் குட்டி விரால்கள் யாருக்கும் தெரியாமல் ஒரு உருண்டை, இரண்டு உருண்டை என்று விழுங்கின. பிறகு பெரிய விரால்கள் விழுங்கின. கடைசியாக வீரணன், "என்னதான் போட்டிருக்கான்னு பாக்குறேன்" என்று ஆராய்ச்சி செய்கிற முகத்தோடு ஒரு கூடையைக் காலி செய்தான்.

அதற்கப்புறம் குட்டை முழுவதும் குமிழி விட்டது. பச்சை சோயா விராலின் வயிற்றில் போய் வாயுவைக் கிளப்பிவிட்டது. தண்ணீர் உலை கொதிப்பது போலக் கொதித்தது. கரையில் நடக்க முடியவில்லை.

சௌந்தரபாண்டியின் சம்சாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். "பச்சப் பயறத் தின்னா யாருக்குத்தேன் வயிறு ஊதாது? வறுத்து அரைங்க. ரெண்டு பல்லுப் பூண்டும் கொஞ்சம் பெருங்காயமும் தட்டிப் போடுங்க. இதக்கூடவா நான் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வறுத்து அரைத்துப் போட்டதும் குமிழி அடங்கியது. விரால்கள் முன்னைப் போல மளமளவென்று வளரவில்லை என்றாலும் வளர்ந்தன. மேல்மடுவுக்கு வலை வரவில்லை.

சைவம் பழகியபின் வீரணனுக்கு வேறொரு வியாதி தொற்றிக்கொண்டது. உபதேசம். காலையும் மாலையும் மூங்கில் தட்டியில் வந்து மூக்கை வைத்துக்கொள்வான். தட்டிக்கு வெளியே மாயக்கா பாசி மேய வந்தால் விடமாட்டான்.

"ஒரு உசிரக் கொன்னு நம்ம உடம்ப வளக்குறது பாவம் தங்கச்சி. இத நான் என் அனுபவத்துல சொல்றேன்."

அவன் அனுபவத்தில் தன் புருசனும் அடக்கம் என்று மாயக்காவுக்குத் தெரியும். வயிறு பற்றி எரியும். "சரிங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வாள். மேல்மடுவுக்குத் திரும்பி, குஞ்சுகள் பயமில்லாமல் கூழாங்கல் இடுக்கில் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்த்தால்தான் அவளுக்கு அந்த எரிச்சல் ஆறும்.

இப்படி இருக்கும்போது புரட்டாசி பிறந்தது.

அந்தக் காட்டிலும் புரட்டாசி மாதம் முழுக்க யாரும் அசைவம் தொடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தொட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. தெரியாததால் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். நரி கிழங்கு தோண்டியது. கழுகு அத்திப்பழம் கொத்தியது. புலியார் வள்ளிக்கிழங்கை எதிரே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அதை மான் என்று நினைத்துப் பார்ப்பார். கண்ணைத் திறந்தால் கிழங்குதான் இருக்கும். நாள் போகப்போக அவர் உறுமலில் சுருதி குறைந்துகொண்டே வந்தது.

சௌந்தரபாண்டிக்கு வியாபாரம் படுத்துவிட்டது. சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு போர்டாவது எழுதி வைப்போம், ஐப்பசி பிறந்ததும் உதவும் என்று நினைத்தார். மரங்கொத்தியைக் கூப்பிட்டு, 'சைவத் தீவனத்தில் வளர்ந்த மீன்' என்று பலகையில் கொத்தச் சொன்னார்.

மரங்கொத்தி பலகையை அலகால் அளந்து பார்த்தது. "அண்ணே, எடம் பத்தாது. எதையாச்சும் எடுக்கணும்."

"தேவையில்லாதத எடுத்துரு" என்று சொல்லிவிட்டு சௌந்தரபாண்டி சாப்பிடப் போய்விட்டார்.

மரங்கொத்திக்குத் தேவையில்லாததாகத் தெரிந்தது நடுவில் இருந்த சங்கதி. அதை எடுத்துவிட்டு, மிச்சத்தை அழகாகக் கொத்தி, மடைக்கு மேலே மாட்டிவிட்டுப் போனது. போர்டில் 'சைவ மீன்' என்று இருந்தது.

அன்று மாலை தண்ணீர் குடிக்க வந்த புலியார் போர்டைப் பார்த்தார். ஒருமுறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக மருதமரத்துக்கு ஓடினார். மருதமரத்தில்தான் கருமந்தி கைலாசம் ஐயா இருந்தார். காட்டில் எது சைவம், எது அசைவம், எது தீட்டு என்பதையெல்லாம் தீர்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. புலியார் ஓடுவதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று காடே பின்னால் திரண்டுவிட்டது.

"ஐயா, மீனு சைவமா, அசைவமா?" என்று கேட்டார் புலியார்.

"அசைவந்தான். இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப சைவ மீனு?"

கைலாசம் ஐயா கேட்டவரை ஏற இறங்கப் பார்த்தார். கேட்பவர் புலி. அதுவும் பசித்த புலி. சாஸ்திரத்தை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். சௌந்தரபாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அந்த மீன் என்ன சாப்பிடுது?"

"சோயா, கடலைப் புண்ணாக்கு, அசோலாங்கய்யா. கூடப் பூண்டு, பெருங்காயம்."

"பெருங்காயம் பரவாயில்ல. பூண்டுதான் கொஞ்சம் இடிக்குது." ஐயா புலியாரின் முகத்தைப் பார்த்தார். "ஆனா இந்தக் காலத்துல பூண்டை யாரு பாக்குறா? நம்ம உடம்பைச் சோத்தாலடிச்ச பிண்டம்னுதானே சொல்றோம்? அந்தக் கணக்குப்படி இது சோயாவாலடிச்ச பிண்டம். சைவம் தின்னு வளர்ந்தது சைவம்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. முன்வரிசையில் இருந்த முயலுக்குப் பெருமை தாங்கவில்லை. துள்ளி எழுந்து, "அப்படிப் பாத்தா ஐயா, நாங்க பரம்பரை பரம்பரையாப் புல்லு மட்டுந்தேன்..." என்று ஆரம்பித்தது.

புலியார் மெதுவாகத் தலையைத் திருப்பி முயலைப் பார்த்தார்.

முயல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. மான்கள் வாயில் இருந்த புல்லைச் சத்தமில்லாமல் கீழே துப்பின. கைலாசம் ஐயாவின் கையிலும் ஒரு கொழுந்து இலை இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இந்தத் தீர்ப்பு தண்ணிக்குள்ள இருக்கவங்களுக்கு மட்டும்" என்றார் அவசரமாக.

"அது ஏன்?" என்றார் புலியார்.

"அவங்க ராப்பகலாக் குளிச்சுக்கிட்டே இருக்காங்க. சுத்தம். நம்ம எல்லாம் அப்படியா?"

"நான் குளிச்சு ஒரு வருசமாச்சு" என்றது முயல் பணிவாக.

"நாங்க பொறந்ததுல இருந்தே குளிச்சதில்ல" என்றன மான்கள் ஒரே குரலில்.

மறுநாள் காலையில் பண்ணை வாசலில் வரிசை நின்றது. சௌந்தரபாண்டி தேக்கு இலையைக் கிழித்து டோக்கன் கொடுத்தார். நரி நின்றது, கரடி நின்றது, செந்நாய்கள் குடும்பத்தோடு நின்றன. சாதாரண மாதங்களில் மீனை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம், சைவம்தானே என்று வந்து நின்றார்கள். புலியார் மட்டும் டோக்கன் வாங்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

வலையில் முதலில் ஏறியவன் வீரணன்.

"அண்ணே, என்ன இது? நான் சைவம்ணே! என்னத் தொடாதீங்க!" என்று கத்தினான்.

"அதனாலதேம்ப்பா தொடுறோம்" என்றார் சௌந்தரபாண்டி.

தட்டிக்கு வெளியே இருந்து மாயக்கா இதைப் பார்த்தாள். நியாயமாக அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடைசியாக அவனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. பிறகு குஞ்சுகளின் நினைவு வந்து மேல்மடுவுக்குத் திரும்பிவிட்டாள்.

புரட்டாசி பாதி தாண்டுவதற்குள் கைலாசம் ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. இந்தச் சைவத் தீவனத்துக்கு வழி சொன்னவர் யார் என்று விசாரித்தார். அயிரை என்று தெரிந்ததும், பாராட்டு விழா எடுத்து, 'சைவச் செம்மல்' பட்டம் கொடுத்து, பொன்னாடை போர்த்துவது என்று முடிவாயிற்று. அந்தக் காட்டில் யாருக்காவது விழா எடுக்காமல் ஒரு மாதம் போனால் கைலாசம் ஐயாவுக்குத் தூக்கம் வராது.

"போகாத மதினி. நம்ம அளவுக்குப் பொன்னாடை எங்க இருக்கு? மூச்சு முட்டிச் செத்துருவ" என்றாள் மூக்கம்மா.

"பட்டத்துக்கா போறேன்? சபையில வச்சு மொதலாளிகிட்ட ஒரு வார்த்த வாங்கணும். மேல்மடுவுக்கு இனி வலை வராதுன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாருன்னா, அப்பறம் மாத்த முடியாதுல்ல? நம்ம குஞ்சுக பொழச்சுக்கும்."

கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி, அதில் மாயக்காவை வைத்து, மருதமரத்தடிப் பாறைக்குக் கொண்டுபோனார்கள். கரடி வரவேற்றுப் பேசியது. நரி வாழ்த்திப் பேசியது. இரண்டு பேரும் தங்களைப் பற்றித்தான் பேசினார்கள். அணில் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தது. கைலாசம் ஐயா ஒரு பூவரச இலையைப் பொன்னாடையாகக் கொட்டாங்கச்சியின் மேல் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் இருக்கிறதே, அது கள்ளைவிடப் பொல்லாதது. குடிக்காமலே ஏறும். வலையைப் பற்றிப் பேச வந்த மாயக்கா, இலையை விலக்கித் தலையை நீட்டி, வேறு எதையோ பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சைவங்கிறது எங்களுக்குப் புதுசு இல்லய்யா. பாவம், வீரணன் அண்ணே நேத்துச் சைவமா ஆனவரு. நாங்க பொறவியிலயே சைவம். பாசியத் தவிர வேற எதையும் எங்க வம்சத்துல தொட்டதே இல்ல."

இது கலப்படமில்லாத பொய். அயிரை சேற்றைக் கிளறிப் புழுவும் பொறுக்கித் தின்கிற மீன். ஆனால் மேடையில் ஏறி நின்று புழுவைப் பற்றியெல்லாம் யார் பேசுவார்கள்? நீங்களும் பேசமாட்டீர்கள்.

கைதட்டல் சட்டென்று நின்றது. புலியார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னீங்க தாயி? பொறவியிலயேவா?"

அதே நேரம் சௌந்தரபாண்டி எழுந்தார். "ஒரு முக்கிய அறிவிப்புங்க. பண்ணையில விரால் இன்னிக்குக் காலையோட தீந்துபோச்சு. டோக்கன் வாங்கினவங்க மன்னிக்கணும்."

கூட்டம் சௌந்தரபாண்டியைப் பார்த்தது. பிறகு கொட்டாங்கச்சியைப் பார்த்தது. கைலாசம் ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"விரால் மாறுன சைவம். இது பிறவிச் சைவம். தரம் பாத்தா இது அதைவிட ஒசத்தி."

"மேல்மடுவுல இன்னும் நாலு குடும்பம் இருக்குங்க. இப்பக் குஞ்சும் பெருகியிருக்கும்" என்றார் சௌந்தரபாண்டி. அவர் கெட்டவர் இல்லை. வாடிக்கையாளர் பசியோடு நிற்கும்போது சரக்கு இருப்பதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கரடி பொன்னாடையை எடுத்துப் பாறையில் விரித்துத் தண்ணீர் தெளித்தது. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தது. மாயக்கா இலையில் விழுந்தாள்.

"ஐயா, பொய் சொல்லிட்டேன்யா! நாங்க சைவம் இல்ல! நாங்க புழுத் திங்கிறவுக!" என்று அலறினாள்.

"எம்புட்டுத் தன்னடக்கம் பாத்தீங்களா!" என்றது நரி. சபை மறுபடியும் கைதட்டியது.

"உண்மையான சைவம் அப்பிடித்தேன் சொல்லும்" என்றார் புலியார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. வாயிலும்தான்.

மாயக்காவுக்கு மூச்சுத் திணறியது. சௌந்தரபாண்டி ஓடைப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார். தன் வாயாலேயே தன் பிள்ளைகளுக்கு வலை விரித்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பூவரச இலையின் ஓரம் சுருண்டிருந்தது. சுருளுக்குள் இருந்து ஒரு பச்சைப் புழு, வெளியே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தது.

மாயக்கா ஒரே துள்ளாகத் துள்ளி அதைக் கவ்வினாள். உடனே விழுங்கவில்லை. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்துக்கொண்டு, புலிக்கு ஒரு முறை, கைலாசம் ஐயாவுக்கு ஒரு முறை, அணிலின் செல்போனுக்கு ஒரு முறை நன்றாகக் காட்டினாள். பிறகு மென்றாள். புழுவின் பக்கத்து நியாயத்தை அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை. கதை எழுதுகிற நானும் கேட்கவில்லை.

"அபச்சாரம்!" என்று கைலாசம் ஐயா கத்திக்கொண்டு கிளைக்குத் தாவினார். "புரட்டாசியில! சபையில! பொன்னாடை மேலயே!"

புலியார் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நல்லவேளை, வாயில் வைக்கவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நரி, தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது என்றது.

"பட்டம் ரத்து. இவ அசைவம், இவ கூட்டம் மொத்தமும் அசைவம். இந்த மாசம் யாரும் தொடக் கூடாது. தொட்டாத் தீட்டு" என்று ஐயா கிளையில் இருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப ஐப்பசி பிறந்ததும் தீவனத்துக்கு அள்ளிக்கலாமுங்களா?" என்று கேட்டார் சௌந்தரபாண்டி.

"அள்ளிக்க. ஆனா இதத் தின்னா உன் விராலும் அசைவம். அடுத்த புரட்டாசிக்கு உன் போர்டை நீயே கழட்டிக்க வேண்டியதுதான்."

சௌந்தரபாண்டி அந்த வரிசையை நினைத்துப் பார்த்தார். தேக்கு இலை டோக்கனை நினைத்துப் பார்த்தார். தோளில் இருந்த வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சோயாவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காட்டுப்பன்றிகளைத் தேடிப் போனார். புலியாரும் எழுந்தார். விரல் நீளம் வராத மீனைப் புரட்டாசிப் பசியில்தான் அவர் திரும்பிப் பார்த்தார். மற்ற மாதங்களில் அவருக்கு மான் இருந்தது.

கரடி இலையோடு சேர்த்து மாயக்காவைத் தூக்கி ஓடையில் வீசியது. பின்னாலேயே காடு திரண்டு கரைக்கு வந்து ஏசியது. புழுத்தின்னி என்றார்கள், மானங்கெட்ட மீன் என்றார்கள். முயல்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது.

மூக்கம்மா பதறிக்கொண்டு நீந்தி வந்தாள். "மதினி, கரையில நின்னு காறித் துப்புறாய்ங்க மதினி. நம்ம வம்சத்துக்கே இப்பிடிக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கியே!"

மாயக்காவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. குஞ்சுகள் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று தலையால் முட்டி முட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

"ஏசட்டும் தாயி, நல்லா ஏசட்டும். ஏசுற வாயி திங்காது."

நீதி: நல்ல பெயர் எடுத்துவிடாதீர்கள், பெயர் எடுத்த சரக்குதான் முதலில் விற்றுத் தீரும். எதற்கும் வாயில் ஒரு புழு இருக்கட்டும்.